பேட்டரியின் இருமல்

காலை ஏழரை மணிக்கு மருந்துக்கடை அக்கா ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டுத் திரும்பியபோது, மேஜையில் அவள் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து தாள்கள் இருந்தன. மேலே ஒரு சிவப்புப் பேனா. பக்கத்தில் அவள் புருஷன் குளித்து, தலை வாரி, கல்யாணத்துக்குக் கிளம்பினவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

“என்ன இது?”

“பன்னெண்டாவது அத்தியாயம். ப்ரூஃப் வந்துடுச்சு. படி.”

“ரொட்டி கருகிடும்.”

“ரொட்டிய நான் பாத்துக்கறேன். நீ உக்காந்து படி.”

முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவளைத் தெருவில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக முனை மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். அவள் புருஷனைக் காதுக்காரர் என்பார்கள். பாட்டு எழுதுகிறவர் வேறு, மெட்டுப் போடுகிறவர் வேறு, பாடுகிறவர் வேறு. அவர்கள் எல்லோரையும் ஓர் அறைக்குள் அடைத்துவைத்து, யார் பாடியதில் எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டி எறிவது என்று முடிவுகட்டி, முழுப் பாட்டாக வெளியே அனுப்புகிற மியூசிக் புரொடியூசர் அவர். ஒரு பாடகி பதினொரு தடவை பாடுவாள். இவர் மூன்றாவதிலிருந்து முதல் வரியையும் ஒன்பதாவதிலிருந்து இரண்டாவது வரியையும் எடுத்து ஒட்டுவார். ஒட்டுத் தெரியாது. கேட்கிற பாடகியே, நான் இவ்வளவு நன்றாகவா பாடினேன் என்று பூரித்துப்போவாள். அதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. அதுதான் தொழில்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் அவருடைய வலது காது அடைத்தது. பிறகு திறக்கவே இல்லை. ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு அந்த வேலை பார்க்க முடியாது. ஸ்டூடியோவை மூடினார். பத்தொன்பது பெட்டி கேசட்டுகள் மட்டும் வீடு வந்து சேர்ந்தன. ஆறு மாதம் பால்கனியில் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் தெருவை வெறித்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் திடீரென்று அக்காவின் கடைக்கு வந்து ஒரு குயர் நோட்டு வாங்கக் காசு கேட்டார்.

அந்த நோட்டுதான் புத்தகமானது. ஸ்டூடியோவில் அவர் கண்டதும் கேட்டதும். அவர் கையெழுத்தைப் படிக்க உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும். டாக்டர்கள் கிறுக்கியதைப் படித்தே பழகிய அக்கா, கடையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் டைப் அடிக்க உட்கார்ந்துவிடுவாள். “இந்த ஆளு போன அத்தியாயத்துல சொட்டைன்னு எழுதினீங்க, இப்ப தலைமுடியக் கோதறாரே?” என்று கேட்டு அவரைத் திருத்தவைப்பாள். பதினொரு அத்தியாயங்கள் அப்படி முடிந்தன. பன்னிரண்டாவதை மட்டும் அவர் அவளிடம் கொடுக்கவில்லை. வெளியில் டைப் அடிக்கக் கொடுத்தார்.

“அது உனக்கு. புஸ்தகமா வரும்போதுதான் பாக்கணும்” என்று சொல்லியிருந்தார்.

அக்கா படித்தாள். அவர்கள் மகள் பிறந்த சாயங்காலம். ஆஸ்பத்திரி நடை. மூடிய கதவு. வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிற ஒரு புருஷன். குழாய் சொட்டுகிறது. தள்ளுவண்டி போகிறது. கதவு திறக்கிறது, குழந்தை அழுகிறது. ‘கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் குடும்பம்’ என்று ஒரு வரி. இரண்டாம் பக்கம் திருப்பியவள் மறுபடியும் முதல் பக்கத்துக்கே வந்தாள்.

அவர் அங்கே இல்லை.

பத்தொன்பது மணி நேர வலி அது. கதவு திறக்கும்போதெல்லாம் அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். வெளியே இருந்தவன் அவள் தம்பி. இவர் ஸ்டூடியோவில் இருந்தார், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ஆல்பத்தை முடிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் தாடியும் மீசையுமாக, ஒரு பை ஆப்பிளோடு வந்து நின்றார். ஒரு வருஷம் அக்காவுக்கு ஆத்திரம் இருந்தது. அப்புறம் அது கூரையில் படிந்த ஈரக்கறை மாதிரி ஆகிவிட்டது. இருக்கிறது என்று தெரியும், யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

எட்டு நாளைக்கு முன்னால் மகள் போன் பண்ணியது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாணப் பதிவன்று, கையெழுத்துப் போட்டு எல்லாம் முடிந்து எல்லோரும் காப்பி குடிக்கும்போதுதான் காதுக்காரர் ஓடி வந்தார். ஒரு பாடகருக்கு அன்றைக்கு விட்டால் வேறு தேதி கிடையாதாம். “என் வாழ்க்கையில எதுக்குமே நீங்க நேரத்துக்கு வந்ததில்ல” என்றாள் மகள். “நான் ஓடினதாலதான் நீ படிச்ச” என்றார் இவர். அதோடு சரி. அம்மாவுக்கு மட்டும் போன் வரும். அப்படிப்பட்டவள் எட்டு நாளைக்கு முன்னால் அழுதுகொண்டே பேசினாள்.

“அப்பா பன்னெண்டாவது அத்தியாயத்த எனக்கு அனுப்பியிருந்தாரும்மா. நீ ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?”

“எத?”

“நீயே படிச்சுப் பாரு. நான் அடுத்த வியாழக்கிழமை வர்றேன்.”

இன்று வியாழக்கிழமை.

“எப்படி?” என்று கேட்டார் காதுக்காரர். கண்ணெல்லாம் எதிர்பார்ப்பு. “நாலு மணிக்குப் பதிப்பகத்துலேருந்து போன் வரும். சரின்னு சொல்லிட்டா அச்சுக்குப் போயிடும்.”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“கடைக்கு நேரமாச்சு. மத்தியானம் வந்து பேசறேன்” என்று எழுந்தாள். அடுப்பில் ரொட்டி கரிக்கட்டையாகியிருந்தது.

*

கடையில் நின்றாளே ஒழிய மனசு நிற்கவில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கேட்ட பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

“அக்கா, இது என்னோட அட்டை இல்லையே. என்னோடது ரோஸ் கலர்ல இருக்கும்.”

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு அட்டை மாறியதில்லை. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் போய் நின்று தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. காதுக்காரரோடு ஸ்டூடியோவில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் சட்டைப்பை நிறைய பேட்டரி வைத்துக்கொண்டு திரிவான். இப்போது ஐம்பது வயதாகி, மைக்செட் வாடகைக்கு விடுகிறான். இன்னும் பேட்டரிதான்.

“சொல்லுக்கா. மூட்டுவலி மருந்து வந்துடுச்சா?”

“அது கெடக்கட்டும்டா. இவ பொறந்தன்னிக்கு அவர் வந்தாரா?”

“யாரு?”

“உங்க மாமா.”

பேட்டரி இருமினான். அவன் இருமல் ஊரறிந்தது. இரண்டு தடவை கிளப்பிப் பார்த்து நின்றுவிட்டு, மூன்றாவதில்தான் முழுசாக வரும்.

“இருபத்தேழு வருஷம் கழிச்சு இப்ப என்னக்கா விசாரணை?”

அக்கா சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

“அக்கா, அவர் வேணும்னு எழுதியிருக்க மாட்டாரு. அன்னிக்கு என்கிட்ட ரெக்கார்டரக் குடுத்து, ‘என்னால வர முடியாதுடா, சத்தத்தையாவது கொண்டு வா’ன்னுதான் அனுப்பினாரு. நான் அந்த நடையில ரெக்கார்டர மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கொண்டுபோய்க் குடுத்தா, ஹெட்போன மாட்டிக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழறாரு. அப்புறம்தான் குழந்தையோட அழுகைய எடுத்து அந்தப் பாட்டோட ஆரம்பத்துல வச்சாரு. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டாச்சே. அந்த ஏழு செகண்டச் சரி பண்ண எத்தன ஆயிரம் தடவ கேட்டிருப்பாரு, நீயே சொல்லு.”

“அதுக்காக?”

“கேட்டுக் கேட்டு அங்கயே நின்ன மாதிரி ஆயிருக்கும். நானும் அந்த டேப்புல இருந்தேன். என் இருமல வெட்டினாரு. இப்ப ஆளையே வெட்டிட்டாரு.” சிரித்தான். “எனக்கு ஒண்ணும் வருத்தமில்லக்கா. நாலு வருஷம் கழிச்சுப் பொண்ணு வீட்டுக்கு வர்றா. நீ வாயத் தொறக்காத.”

“அவ நான்தான்டா மறைச்சுட்டேன்னு சொல்றா.”

“சொல்லிட்டுப் போறா. உனக்கென்ன, தேய்ஞ்சா போயிடுவ?”

போனை வைத்த பிறகும் அக்கா அங்கேயே நின்றாள். தம்பி சொல்வதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பத்தொன்பது மணி நேரமும் அவளுடையது. அதை எடுத்து யாரோ நன்றாக இஸ்திரி போட்டு வேறு ஒருத்திக்கு உடுத்திவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

*

பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று படியேறும்போதுகூட நினைத்தாள். காதுக்காரர் உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். பாதிக் கிழங்கு தோலோடு போயிருந்தது.

“இப்பச் சொல்லு. எப்படி இருக்கு?”

“நீங்க அங்க இல்லைங்க.”

“எங்க?”

“ஆஸ்பத்திரியில. நீங்க வரல. மூணாம் நாள்தான் வந்தீங்க.”

சுருதி சரியாகத்தான் இருக்கிறது என்று சாதிக்கிற புதுப் பாடகனைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்தார்.

“நீ உள்ள இருந்த. வலியில இருந்த. வெளியில யாரு நின்னாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அது சுருக்கென்று தைத்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவருடைய இடது காதுப் பக்கமாக உட்கார்ந்தாள்.

“சரி, நின்னீங்க. அங்க என்ன இருந்துச்சு, சொல்லுங்க.”

அவர் கத்தியை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“குழாய் சொட்டிக்கிட்டிருந்துச்சு. மூணு சொட்டு வேகமா, நாலாவது தாமதமா. தள்ளுவண்டி ஒண்ணு போச்சு, அதுல ஒரு சக்கரம் மட்டும் கீச்சுனு இழுத்துச்சு. நர்ஸ் ரப்பர் செருப்பு போட்டிருந்தா. யாரோ மணி கேட்டாங்க. ஆறே கால்னு பதில். அப்புறம் கதவு. அப்புறம் இவ அழுகை.”

எல்லாம் சரி. அந்தச் சக்கரத்தின் கீச்சொலி அவளுக்கும் கேட்டிருந்தது. ஒரு நிமிஷம், நாம்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோமோ என்றுகூடத் தோன்றியது.

“சுவர் என்ன கலர்?”

“என்ன?”

“நீங்க சாஞ்சு நின்ன சுவர். என்ன கலர்ல இருந்துச்சு?”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. இடது கை, இல்லாத ஒரு குமிழைத் திருகுவதுபோல மேஜைமேல் அசைந்தது.

“வெள்ளை. ஆஸ்பத்திரின்னா வெள்ளைதான்.”

“பச்சை. அன்னிக்குக் காலையிலதான் பெயின்ட் அடிச்சிருந்தாங்க. அந்த நாத்தத்துல எனக்குக் குமட்டிக்கிட்டே இருந்துச்சு. தம்பி சட்டை முதுகெல்லாம் பச்சை. மூணு தடவ ஊறவச்சும் போகல. குழந்தைய என்ன துணியில சுத்திக் கொண்டு வந்தாங்க? நர்ஸ் குட்டையா, நெட்டையா? ஜன்னல் இருந்துச்சா?”

அவர் அவசரமாக ப்ரூஃபை எடுத்துப் புரட்டினார். நாலு பக்கத்தில் ஒரு நிறம் இல்லை, ஒரு முகம் இல்லை, ஒரு வாசனை இல்லை. மற்றப் பதினொரு அத்தியாயத்திலும் பாடகியின் மஞ்சள் சால்வையிலிருந்து டிரம்ஸ்காரரின் தங்கப்பல்வரை எழுதித் தள்ளியவர்தான்.

“டேப் இருக்கு” என்றார். குரல் உள்ளே போய்விட்டது. “முழு டேப்பும் பெட்டியில இருக்கு. எடுத்துப் பாத்துடுவோம்.”

அவர் முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு, ஐயோ, என்ன செய்துவிட்டேன் என்று தோன்றியது.

“வேணாங்க, விடுங்க. அவ வர்ற நேரம். எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்.”

“நீதானே ஆரம்பிச்ச?”

“ஆமா. புத்தி கெட்டுப்போய் ஆரம்பிச்சேன். நான் சொன்னத மறந்துடுங்க.”

வாசல் மணி அடித்தது.

*

மகள் பையைக் கதவோரம் வைத்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு நேராக அப்பாவிடம் போய், அவருடைய வலது பக்கம் காலியாக இருந்த நாற்காலியை விட்டுவிட்டு, இடது பக்கம் உட்கார்ந்தாள். காது போன கதையை அவளுக்குப் போனில்தான் சொல்லியிருந்தாள் அக்கா. மகள் அதை ஞாபகம் வைத்திருந்ததைப் பார்த்ததும், சட்டி எடுக்கிற சாக்கில் அக்கா அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு, உருளைக்கிழங்கு, முட்டை. மகள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள்களை எடுத்தாள். மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

“‘கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் குடும்பம்.’ இந்த வரிய ஆபீசுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேம்ப்பா.”

காதுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“சாப்பிடும்போது என்ன படிப்பு? முட்டை வச்சுக்கோ” என்றாள் அக்கா.

“நீ பேசாதம்மா. உன்மேல எனக்குக் கோவம். சின்ன வயசுலேருந்து, அப்பாவுக்கு வேலை இருந்துச்சு, வேலை இருந்துச்சுன்னுதான் சொல்லுவ. நான் பொறந்தப்ப வெளியிலயே நின்னாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கல்யாணத்தன்னிக்கு நான் அப்படிப் பேசியிருப்பேனா? நாலு வருஷம் போச்சேம்மா. ஏம்மா சொல்லல?”

அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். எதிரே இருந்தவரைப் பார்க்கவில்லை.

“மறந்துட்டேன்” என்றாள்.

“இத யாராவது மறப்பாங்களா?”

“மறந்துட்டேன், விடு. தப்பு என்மேலதான்.”

காதுக்காரர் எழுந்தார். கையைக் கழுவினார். உள்ளே போய்விட்டார். பெட்டிகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து. அக்கா எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்த் தடுக்கலாம் என்று நினைத்தாள், போகவில்லை.

“அப்பா என்ன தேடறாரு?”

“தெரியல. நீ சாப்பிடு.”

பழைய டேப் ரெக்கார்டரையும் ஒரு கேசட்டையும் கொண்டுவந்து மேஜையில் தட்டுகளுக்கு நடுவில் வைத்தார். உட்காரவில்லை.

“இத முழுசாக் கேட்டு இருபத்தேழு வருஷமாச்சு. இதுல பாட்டுக்குன்னு நான் வச்சுக்கிட்டது ஏழு செகண்டுதான்.”

“ஏங்க, வேணாங்க” என்றாள் அக்கா.

அவர் பொத்தானை அழுத்தினார்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு குழாய். மூன்று சொட்டு, தாமதமாக நாலாவது. பிறகு இரண்டு தடவை கிளப்பிப் பார்த்து நின்று, மூன்றாவதில் முழுசாக வந்த ஓர் இருமல்.

“பேட்டரி மாமா!” என்று மகள் சிரித்தாள். “மாமாவும் உங்ககூட இருந்தாரா?”

தள்ளுவண்டி கீச்சிட்டுக்கொண்டு போனது. யாரோ மணி கேட்டார்கள். ஆறே கால் என்றது பேட்டரியின் இளவயதுக் குரல். மகளின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கதவு திறந்தது. குழந்தை அழுதது. எத்தனையோ தடவை பாட்டின் தொடக்கத்தில் கேட்ட அழுகைதான், இப்போது பாட்டு தொடங்கவில்லை.

காதுக்காரரின் விரல் நிறுத்துகிற பொத்தான்மேல் போய் உட்கார்ந்தது. அங்கேதான் அவர் வெட்டியிருந்தார். விரல் அழுத்தவில்லை.

“பொண்ணு” என்றது நர்ஸின் குரல். அதற்கும் பின்னால், உள்ளேயிருந்து, தொண்டை வறண்ட ஒரு பெண்குரல்.

“டேய், அவர் வந்துட்டாரா?”

“வந்துட்டாருக்கா. கீழ வண்டிய நிறுத்திட்டிருக்காரு. நீ கண்ண மூடு.”

கதவு சாத்திக்கொண்டது. குழாய் சொட்டியது. பிறகு மைக்குக்கு மிகப் பக்கத்தில், பேட்டரி கிசுகிசுத்தான்.

“மாமா, இத வெட்டிடுங்க.”

டேப் அதோடு நின்றது.

அக்கா தன் குரலை அப்படிக் கேட்டதே இல்லை. தான் அந்தக் கேள்வியைக் கேட்டது அவளுக்கு ஞாபகமே இல்லை. தம்பி சொன்னதை நம்பித் தூங்கிப்போனது மட்டும் ஞாபகம் இருந்தது.

“அப்ப நீங்க எங்கப்பா இருந்தீங்க?” என்றாள் மகள்.

“ஸ்டூடியோல.”

“என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“ஒரு பாடகரோட மூச்சுச் சத்தத்த வெட்டிட்டிருந்தேன்.” அவர் கேசட்டையே பார்த்துக்கொண்டு பேசினார். “அம்மா கேட்டத நான் ஒரே ஒரு தடவ கேட்டேன். தாங்க முடியல. எழுந்து வந்திருக்கணும். வரல. அத வெட்டிட்டு மிச்சத்த மட்டும் வேற கேசட்டுல காப்பி எடுத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நான் பொய் எழுதணும்னு எழுதலம்மா. இன்னிக்குக் காலையில வரைக்கும் நான் அங்கதான் நின்னேன். அம்மா சுவர் என்ன கலர்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல.”

மகள் கையிலிருந்த தாள்களை மடித்தாள். பழைய மடிப்பிலேயே மடித்துக் கைப்பையில் வைத்தாள். எழுந்தாள். கதவோரம் பை இருந்தது. காதுக்காரர் தலையைச் சாய்த்து, அவள் செருப்பில்லாத கால் எந்தப் பக்கம் போகிறது என்று இடது காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் மேஜையைச் சுற்றிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றாள். தோளில் கைவைத்தாள்.

“எவ்வளவு நேரம்மா பாத்துட்டிருந்த?”

“எத?”

“கதவ.”

அக்கா சும்மா இருக்கத்தான் பார்த்தாள். ஆனால் உதடு துடித்து, உடைந்துபோய், குழந்தை மாதிரி அழுதாள்.

“மூணு நாள்” என்றாள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. சாப்பிட்ட தட்டுகள் அப்படியே காய்ந்து கிடந்தன. மகளின் பை கதவோரமே இருந்தது, உள்ளே எடுத்து வைக்கவும் இல்லை, தூக்கிக்கொண்டு போகவும் இல்லை. காதுக்காரர் போனை இடது காதில் வைத்தார். பதிப்பகத்துக்காரரின் குரல் மேஜைவரை கேட்டது.

“சார், அனுப்பிடலாமா? மிஷின் காத்துக்கிட்டிருக்கு.”

“பன்னெண்டாவதுல ஒரு திருத்தம் இருக்கு.”

“இப்பவா? சார், இருக்கறதுலயே அதுதான் நல்ல அத்தியாயம். பெரிய திருத்தமா?”

“ரெண்டே ரெண்டு. ஒரு ஆளச் சேக்கணும். பச்சை பெயின்ட் ஒட்டின சட்டையோட, இருமிக்கிட்டு உக்காந்திருப்பான்.”

“சரி. இன்னொண்ணு?”

“ஒரு ஆள எடுக்கணும்.”

“யார சார்?”

அவர் எதிரே பார்த்தார். அம்மாவும் மகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னைத்தான்” என்றார்.